பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டின் இரண்டாவது ஆள் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெருந்தொற்று என்றாலே தடுப்பூசி, ஊரடங்கு, வேலையிழப்பு ஆகியவற்றுக்குப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக இடம் தருகின்றன. குடும்பம் என்று வந்தால் மட்டும் எழுத்து நெகிழ்ந்துவிடுகிறது. எல்லோரும் ஒன்றாக இருந்தோம், மனம்விட்டுப் பேசினோம் என்று போகும். அதில் பொய் இல்லை. ஆனால் கோவிட் வந்தவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைப் படியை மிதிக்காமல் வீட்டிலேயே படுத்து எழுந்தவர்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டது குடும்பம்தான். அந்த வேலையை எப்படிச் செய்வது, எந்த இடத்தில் கோட்டை விடுவோம் என்று கோவையாகச் சொன்னவர்கள் குறைவு. 2025 மே 20 அன்று உலக சுகாதார மாநாடு பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. நாடுகள் ஒன்றுக்கொன்று எப்படிக் கைகொடுக்க வேண்டும் என்பது அதன் பேச்சு. வீட்டுக்குள் யார் எதைச் சுமப்பது என்பதை வீட்டார்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். பெருந்தொற்றில் ஒரு குடும்பம் நிலைகுலைவதற்குக் கிருமி மட்டும் காரணமில்லை. வேலையும் விவரமும் முடிவெடுக்கும் பொறுப்பும் ஒரே ஆளிடம் குவிந்திருப்பதும் காரணம். அந்த ஆள் படுத்துவிட்டால் வீடே படுத்துவிடும். ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் இரண்டாவது ஆள் ஒருவர் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். பார்த்துக்கொள்ள, கணக்குப் பார்க்க, மருத்துவரிடம் பேச, குழந்தைகளை ஏற்றுக்கொள்ள என்று எல்லாவற்றுக்கும்தான்.

முதலில், பார்த்துக்கொள்பவரே நோயாளியாகிவிடாமல் காப்பது. கோவிட்டின் முதல் வகையில், வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தொற்றியது. ஓமிக்ரான் வந்தபோது அது ஐந்தில் இரண்டாக ஏறியது. அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே தொற்றத் தொடங்கிவிடும் என்பதால், காய்ச்சல் அடித்த பிறகு தனி அறை கொடுப்பது எப்போதும் கொஞ்சம் தாமதமான வேலைதான். அதனால் பயனில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது தப்புக் கணக்கு. ஐந்தில் இரண்டு என்றால் மீதி மூன்று பேருக்கு வரவில்லை என்றும் பொருள்.

தனி அறை என்றதும் கதவைச் சாத்துவதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். கதவை விடக் காற்று முக்கியம். நோயாளியின் அறை ஜன்னலில் ஒரு மின்விசிறியை வெளிப்பக்கமாகக் காற்றுத் தள்ளும்படி வைக்க வேண்டும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். நோயாளிக்கு நல்ல காற்று வரட்டும் என்று விசிறியை உள்பக்கம் பார்த்து வைத்துவிடுவார்கள். அப்போது அறைக்குள் அழுத்தம் கூடி, அவர் விட்ட மூச்செல்லாம் கதவிடுக்கு வழியாகக் கூடத்துக்கு வரும். வெளிப்பக்கம் தள்ளினால் நேர்மாறு: கூடத்துக் காற்று கதவிடுக்கு வழியாக உள்ளே போய் ஜன்னலால் வெளியேறும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு மெல்லிய காகிதத் துண்டு போதும். சாத்திய கதவின் அடியில் அதைப் பிடித்தால் நுனி நோயாளியின் அறைப்பக்கம் சாய வேண்டும். நம் பக்கம் சாய்ந்தால் விசிறி தலைகீழாக இருக்கிறது, அல்லது வீட்டில் மற்ற ஜன்னல்கள் எல்லாம் மூடிக் கிடக்கின்றன என்று அர்த்தம். உள்ளே வரக் காற்று இல்லாவிட்டால் வெளியே தள்ளவும் காற்று இல்லை. வேறு அறையில் ஒரு ஜன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள். எரிவாயுவில் ஓடும் நீர்ச்சூடாக்கி வீட்டுக்குள் இருந்தால் இந்த ஏற்பாட்டில் கூடுதல் கவனம் வேண்டும். வலுவான விசிறி அதன் புகையை வீட்டுக்குள் இழுத்துவிடும். அதை இயக்கும் நேரத்தில் விசிறியை நிறுத்திவிடுவது நல்லது.

சுவரில் மாட்டும் சாதாரண ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே குளிரவைத்துத் திரும்பத் திரும்பச் சுற்றவிடும். ஏசி போட்டிருக்கிறோம், காற்றோட்டம் இருக்கிறது என்று நினைப்பதில்தான் அபாயம். ஓர் அறையின் காற்று மணிக்கு 5 முறை முழுதாக மாறினால், மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் வெளியேற ஏறக்குறைய 55 நிமிடம் ஆகும். பொதுக் கழிவறையை நோயாளி கடைசியாகப் பயன்படுத்த வேண்டும், அவர் வந்த பிறகு வெளியேற்றும் விசிறி ஓடியபடியே இருக்க வேண்டும் என்று சொல்வதெல்லாம் இந்தக் கணக்கினால்தான்.

ஜன்னலே சரியில்லாத வீடுகளுக்கு 2020இல் அமெரிக்கப் பொறியாளர் ரிச்சர்ட் கோர்சியும், வடிகட்டி தயாரிப்பில் இருந்த ஜிம் ரோசன்தாலும் சேர்ந்து ஒரு வழி காட்டினார்கள். மெர்வ் 13 என்ற தரத்தில் நுண்துகளைப் பிடிக்கும் நான்கு காற்று வடிகட்டிகளை நான்கு சுவராக நிறுத்தி, அடியில் அட்டை ஒட்டி, மேலே 20 அங்குலப் பெட்டி விசிறியை மேல்நோக்கி வீசும்படி வைத்து, இடுக்குகளையெல்லாம் நாடா போட்டு அடைப்பது. அவ்வளவுதான். வடிகட்டியில் அச்சிட்டிருக்கும் அம்புக்குறி உள்பக்கம் காட்ட வேண்டும். விசிறியின் முகப்பில் நான்கு மூலைகளையும் மறைத்து நடுவில் வட்டமாக வெட்டிய அட்டையை வைத்தால் காற்று திரும்ப உள்ளே வழியாது. நாடா ஒட்டும்போது அவசரப்பட்டு இடுக்கு விட்டால், காற்று வடிகட்டியை விட்டுவிட்டு அந்த இடுக்கு வழியாகத்தான் போகும்.

ஒற்றை அறை வீட்டில் எல்லாவற்றையும் செய்ய முடியாது. அங்கே நோயாளியின் படுக்கையை ஜன்னலோரம், வெளியே தள்ளும் விசிறிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, மற்றவர்கள் கதவுப்பக்கம் படுக்கலாம். எல்லோரும் முகக்கவசம் அணிய வேண்டும். என்95 கவசம் 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்கும், முகத்தோடு ஒட்டி இருந்தால் மட்டும். தாடி இருந்தால் அந்த ஒட்டுதல் போய்விடும். மூச்சு வெளிவிடும் வால்வு வைத்த கவசத்தை நோயாளிக்குப் போட்டுப் பயனில்லை. அவர் மூச்சு வடிகட்டப்படாமல் வெளியே வரும்.

இத்தனையையும் விட்டுவிட்டு, வாங்கி வந்த பொட்டலங்களைக் கழுவுவதிலும் கதவுப் பிடியைத் துடைப்பதிலும் குடும்பங்கள் செலவிட்ட நேரம் கொஞ்சநஞ்சமல்ல. கோவிட்டில் பரப்புகளைத் தொட்டுத் தொற்றுவதற்கான வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொல்லிவிட்டது. கிருமிநாசினி தேவைப்படும் இடத்தில், 5 சதவீத பிளீச்சிங் திரவம் 20 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தால் போதும். அதைக் கழிவறை அமிலத்தோடோ அம்மோனியா சேர்ந்த திரவத்தோடோ ஒருபோதும் சேர்க்கக்கூடாது. அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அம்மோனியாவோடு சேர்ந்தால் அதுவும் நச்சுவாயுதான். நுரையீரல் ஏற்கெனவே நலிந்த வீட்டில் அது வேண்டாத வினை.

அடுத்தது நோட்டுப் புத்தகம். பார்த்துக்கொள்பவர் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்தால், அவர் படுக்கும்போது அந்த நினைவும் படுத்துவிடும். ஒரு நோட்டில் முதல் அறிகுறி தோன்றிய தேதியைப் பெரிதாக எழுதி, அதை முதல் நாளாக வைத்து நாட்களை எண்ண வேண்டும். பரிசோதனை முடிவு வந்த தேதியிலிருந்து எண்ணுவது பெருந்தவறு. கோவிட்டில் ஐந்தாம் நாள் வாக்கில் காய்ச்சல் இறங்கும், வீடு நிம்மதியாகி ஆக்சிஜன் அளவெடுப்பதை நிறுத்தும். மூச்சுத்திணறல் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான், ஐந்திலிருந்து பத்தாம் நாளுக்குள் தலைகாட்டும். தேதியை இரண்டு நாள் தள்ளி எழுதியிருந்தால், மிகக் கவனமாக இருக்க வேண்டிய நேரத்தில் இன்னும் ஆரம்பக் கட்டம்தான் என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சதவீதமாகக் காட்டும் ஆக்சிமீட்டரைக் கையாளத் தெரியாததால் வந்த வீண் பீதியும் வீண் தைரியமும் ஏராளம். நோயாளி ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். நகப்பூச்சை அழியுங்கள். ஆள்காட்டி விரலிலோ நடுவிரலிலோ மாட்டி, கையை நெஞ்சருகே வைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். மாட்டியவுடன் வரும் எண் எதையும் சொல்லாது. எண் துள்ளுவது நின்று, ஐந்து விநாடி நிலைத்து நின்ற பிறகு குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் காட்டும் நாடித்துடிப்பு, மணிக்கட்டில் எண்ணிய துடிப்போடு ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் ஆக்சிஜன் எண்ணையும் நம்பக்கூடாது. ஒரு நாளைக்கு மூன்று முறை, ஒரே விரல். 94 அல்லது 93 வந்தால் மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். 92க்கு வந்துவிட்டால் அழைத்துக் கேட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இந்த எல்லை மாறும். அவர்கள் உடல்நலத்தோடு இருக்கும்போதே தங்கள் வழக்கமான அளவைக் கேட்டு நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு இதைக் காட்டியது. 2021 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் எச்சரித்தது. ஆகவே எண் 95 என்று காட்டினாலும் ஆள் சரியில்லை என்று கண்ணுக்குத் தெரிந்தால் கண்ணைத்தான் நம்ப வேண்டும். கருவியே தேவைப்படாத ஓர் அளவும் உண்டு: மூச்சு எண்ணுவது. நோயாளியிடம் சொல்லாமல் எண்ண வேண்டும், ஏனென்றால் எண்ணுகிறார்கள் என்று தெரிந்தாலே மூச்சின் போக்கு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோலக் கையைப் பிடித்துக்கொண்டு, மார்பு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் பிழை கூடும். ஓய்வில் இருக்கும் பெரியவருக்கு 20க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும், 25ஐ எட்டினால் உதவி தேட வேண்டும். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாமல் திணறுவது, உதடு நீலம் பாய்வது, புதிதாகக் குழம்பிப் பேசுவது ஆகியவற்றுக்கு எந்த எண்ணும் வேண்டாம்.

மருந்தில் இரண்டு இடங்களில் குடும்பங்கள் தடுக்கி விழுகின்றன. ஒன்று பாராசிட்டமால். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 4 கிராம் உச்சம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. உடல் மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. காய்ச்சலுக்கு ஒருவர் மாத்திரை கொடுத்திருப்பார், சளிக்கு இன்னொருவர் கூட்டு மாத்திரை கொடுப்பார். இரண்டிலும் பாராசிட்டமால் இருக்கும். நோட்டில் நேரமும் மாத்திரையின் பெயரும் எழுதிவிட்டுத்தான் கொடுப்பது என்று வைத்துக்கொண்டால் இந்த விபத்து நேராது. இன்னொன்று ஸ்டீராய்டு. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் தேவைப்படுகிறவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்ததாகக் காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் தெரியவில்லை. செய்தியில் முதல் பாதி மட்டும் வாய்வழியாகப் பரவி, லேசான காய்ச்சலுக்கே வீட்டில் ஸ்டீராய்டு தொடங்கியவர்கள் உண்டு. சர்க்கரை எகிறுவதும் உடலின் எதிர்ப்பு தாழ்வதும்தான் மிச்சம். பத்திரிகைகளும் இதில் கொஞ்சம் பொறுப்பேற்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

வீட்டில் ஆக்சிஜன் வைக்க நேர்ந்தால் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1,500 லிட்டர் வாயு கொள்ளும் சிலிண்டர், நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் 5 மணி நேரம்தான் வரும். 2 லிட்டர் வீதம் என்றால் பன்னிரண்டரை மணி நேரம். இரவு பத்து மணிக்கு 5 லிட்டர் வீதம் மாட்டியது விடிவதற்கு முன்பே தீர்ந்துவிடும் என்பது இந்தக் கணக்கைப் போடாத வீட்டுக்குத் தெரியாது. அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் கருவி தீராது, ஆனால் மின்சாரம் போனால் நின்றுவிடும், தூசி வடிகட்டி அடைத்துக்கொண்டால் வாயுவின் தூய்மை குறைந்துவிடும். கருவி ஓடிக்கொண்டே இருக்கும், ஆளுக்கு மட்டும் எண் இறங்கும். எதுவாக இருந்தாலும் அருகில் நெருப்பு ஆகாது. ஆக்சிஜன் ஓடும் அறையில் துணி பற்றினால் அணைக்க நேரம் கிடைக்காது.

இனி பார்த்துக்கொள்கிறவர். நோயாளி அறைக்குள் ஒரே ஆள்தான் போக வேண்டும் என்பது சரியான விதி. ஆனால் அதை ஒரே ஆள் முழு இரண்டு வாரமும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எடுத்துக்கொள்வதால் அவர் பாதியில் விழுகிறார். இரவு மூன்று மணிக்கு அளவெடுக்க எழுந்தவர், காலையில் வீட்டு வேலையையும் குழந்தையின் இணையவழி வகுப்பையும் தன் அலுவலகக் கூட்டத்தையும் பார்க்கிறார். பெரும்பாலும் அது வீட்டிலுள்ள பெண்தான் என்பதை எழுதாமல் விட முடியவில்லை. வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து ஒரு தாளில் வேலைகளை எழுத வேண்டும்; எழுதினால்தான் எத்தனை வேலை என்று மற்றவர்களுக்குத் தெரியும். இரவுக்காவல் இல்லாத ஆள் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். அறைக்குள் போகிறவருக்குச் சமையலும் குழந்தையும் கூடாது. இரண்டாவது ஆள் தினமும் நோட்டைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அறைக்குள் போகாவிட்டாலும் சரி. மாற்றிவிடும் நாள் வந்தால் அவர் முதல் நிமிடத்திலிருந்தே வேலை தெரிந்தவராக இருப்பார். முதியவர், கர்ப்பிணி, எதிர்ப்பாற்றல் குறைந்தவர் இந்தப் பட்டியலில் வரக்கூடாது.

மருத்துவமனைக்குக் கிளம்பும் பையை முன்கூட்டியே கட்டி வைப்பது அபசகுனம் என்று தள்ளிப்போடுகிறார்கள். மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய தாள், ஒவ்வாமை விவரம், கைப்பேசியும் நீளமான கம்பியுள்ள சார்ஜரும் பையில் வேண்டும். கட்டிலுக்கும் மின்செருகிக்கும் தூரம் அதிகம். மூக்குக்கண்ணாடி, பல்செட், செவித்துணைக்கருவி, அதற்குரிய பேட்டரி ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். இவை சில்லறைச் சமாச்சாரம் போலத் தோன்றும். முகக்கவசம் போட்டவர்களின் உதடசைவு தெரியாமல், காதும் கேட்காமல், கண்ணும் மங்கிக் கிடக்கும் முதியவருக்குப் புத்தித் தடுமாற்றம் வரும் வாய்ப்பு அதிகம். அது வந்தால் சிகிச்சையும் சிக்கலாகும். முகக்கவசத்தின் நாடாவை இழுத்துக் கழற்றும்போது செவித்துணைக்கருவி தெறித்து விழுந்து தொலைவது சர்வசாதாரணம். காதில் மாட்டாமல் தலைக்குப் பின்னால் கட்டும் கவசம் வாங்குங்கள்.

மருத்துவர்களிடம் பேச ஒரே ஒருவர், அவருக்கு மாற்று ஒருவர். நான்கு உறவினர் நான்கு முறை அழைத்தால் நான்கு விதமாகக் கேட்டு, மாலையில் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்வார்கள். அழைப்பவர் கையில் நோட்டு இருக்க வேண்டும்: இன்று ஆக்சிஜன் எவ்வளவு கொடுக்கிறார்கள், நேற்றைவிடக் கூடியதா குறைந்ததா, சாப்பிடுகிறாரா, விழித்திருக்கிறாரா. இந்த நான்கு கேள்விக்கு விடை கிடைத்தால் மற்றவர்களுக்கு ஒரே செய்தியாக அனுப்பிவிடலாம். செயற்கைச் சுவாசம் வேண்டுமா, எதுவரை போவது என்கிற பேச்சை நோயாளி பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே அவரிடமே கேட்க வேண்டும். கேட்பது கொடுமை என்று வாயை மூடிக்கொள்வார்கள். அப்புறம் அந்த முடிவை நள்ளிரவில் தொலைபேசியில் பிள்ளைகள் எடுக்க வேண்டிவரும். பிறகு ஆண்டுக்கணக்கில் அதைச் சொல்லி ஒருவரையொருவர் குத்திக்காட்டிக்கொள்வார்கள்.

காகித வேலைக்கு வருவோம். பணம் எந்தக் கணக்கில், காப்பீடு எது, கடன் தவணை எந்தத் தேதி, கைப்பேசியின் பூட்டு எண் என்ன என்பது ஒருவருக்கு மட்டும் தெரிந்திருப்பது ஆபத்து. வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் அந்தக் கைப்பேசிக்குத்தான் வரும். கைப்பேசியோ நோயாளியோடு தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருக்கும். தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தாகிவிட்டது என்று நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்க: பல நாடுகளின் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் சுயநினைவிழந்தால் சாதாரணப் பத்திரம் செல்லாமல் போகும், அவர் இறந்தால் எந்தப் பத்திரமும் செல்லாது. அதாவது மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது வெறும் தாள். நினைவிழந்த பிறகும் நிலைக்கும் அதிகாரத்துக்கு, உங்கள் நாட்டில் வழியிருந்தால், தனி வாசகம் வேண்டும். கூட்டுக் கணக்கு, உயில், நாமினி மூன்றும் வெவ்வேறு வேலை செய்பவை. ஒன்று இருப்பதால் மற்றவை வேண்டாம் என்று இல்லை.

குழந்தைகளுக்கு இரண்டாவது ஆள் யார் என்பதைத்தான் பெற்றோர் கடைசியாக யோசிக்கிறார்கள். 1918 ஃப்ளூ வழக்கத்துக்கு மாறாக 20 முதல் 40 வயதினரை அதிகம் கொண்டுபோனது. அநாதைகளானது அவர்கள் பிள்ளைகள். கோவிட்டில் முதியவர்கள்தான் அதிகம் இறந்தார்கள், இருந்தும் 2020 மார்ச்சுக்கும் 2021 ஏப்ரலுக்கும் இடையில் உலகம் முழுவதும் சுமார் 15 லட்சம் குழந்தைகள் தாயையோ தந்தையையோ தங்களை வளர்த்த, உடன் வாழ்ந்த தாத்தா பாட்டியையோ இழந்ததாக லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. பெற்றோர் இருவரும் ஒரே வாரத்தில் படுப்பது பெருந்தொற்றில் அரிதல்ல. ஆகவே குழந்தையை ஏற்றுக்கொள்கிறவர் வேறு வீட்டில் வசிப்பவராக இருக்க வேண்டும். அவருக்குக் குழந்தையின் மருந்து, ஒவ்வாமை, தூங்கும் நேரம், பள்ளியின் அனுமதிக் கடிதம் எல்லாம் எழுத்தில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கூடவே தடுப்பூசி அட்டையின் நகலும். 2021இல் உலகில் 2.5 கோடிக் குழந்தைகள் அடிப்படைத் தடுப்பூசித் தவணைகளைத் தவறவிட்டார்கள். பெருந்தொற்றுக்குப் பயந்து வீட்டில் இருந்ததில் தட்டம்மைக்குக் கதவு திறந்துவிட்டது.

அடைபட்ட வீட்டில் சண்டை வருவதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். சாதாரண உரசலுக்கு, ஆளுக்கு ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாத மூலை ஒன்று கொடுத்தாலே பாதி தீரும். அடி உதை அப்படியல்ல. 2020 ஏப்ரல் 5 அன்று ஐ.நா. பொதுச்செயலாளர் அந்தோனியோ குட்டெரெஸ் வீடுகளுக்குள்ளும் போர்நிறுத்தம் வேண்டும் என்று கேட்க வேண்டியிருந்தது. அடிக்கிறவர் பக்கத்திலேயே இருக்கும்போது உதவி எண்ணை அழைக்க முடியாது. ஸ்பெயினின் கேனரி தீவுகளில் அதற்கொரு வழி செய்தார்கள்: மருந்துக்கடையில் ‘முகக்கவசம் 19’ என்று கேட்டால் போதும், கடைக்காரர் அதிகாரிகளுக்குத் தகவல் கொடுப்பார். அதே யோசனையில், வெளியில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரோடு சாதாரணமாகத் தொனிக்கும் ஒரு சொல்லை முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம். அந்தச் சொல் வந்தால் திரும்ப அழைத்து விசாரிக்காமல், ஏற்கெனவே ஒப்புக்கொண்டதை அவர் செய்ய வேண்டும்.

இறப்பு நேர்ந்தால், உடலைப் பார்க்கவே கூடாது என்று குடும்பங்கள் விரட்டப்பட்ட இடங்கள் பல. உலக சுகாதார அமைப்பு 2020 மார்ச்சிலேயே, தொடாமலும் முத்தமிடாமலும் பார்க்கலாம் என்றுதான் வழிகாட்டியிருந்தது. இதைத் தெரிந்துவைத்திருந்து பணிவாக, ஆனால் விடாமல் கேட்க ஓர் ஆள் வேண்டும். துக்கத்தில் இருப்பவர்களால் முடியாது. சடங்கு தள்ளிப்போனால் அதற்கென்று ஒரு தேதி குறித்துவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் அந்தப் பிறகு வருவதில்லை.

பிழைத்து வந்தவர் நாட்கணக்கில் சோர்ந்து கிடந்தால் சோம்பேறி என்ற பட்டம் வீட்டிலேயே கிடைக்கிறது. தொற்றிய மூன்று மாதத்துக்குப் பிறகும் குறைந்தது இரண்டு மாதமாக நீடிக்கும், வேறு காரணம் சொல்ல முடியாத தொந்தரவுகளை உலக சுகாதார அமைப்பு 2021 அக்டோபரில் கோவிட்டுக்குப் பிந்தைய நிலை என்று வரையறுத்தது. இதில் பலருக்கு உழைப்புக்கான தண்டனை உடனே வராது; ஒரு நாள் இரண்டு நாள் கழித்து வரும். நன்றாக இருக்கிறது என்று தோன்றிய நாளில் துணியெல்லாம் துவைத்துக் காயப்போட்டுவிட்டு அடுத்த இரண்டு நாள் எழ முடியாமல் கிடப்பார்கள். உடற்பயிற்சி செய் என்று துரத்துவது இவர்களைக் கீழே தள்ளும். களைப்பதற்கு முன்பே நிறுத்துவதுதான் முறை. செய்ய முடியும் என்று தோன்றுவதில் பாதி, நடுவில் படுத்து ஓய்வு, நோட்டில் பதிவு. அதே நோட்டு போதும்.

அடுத்து வருவது கோவிட்டாகவே இருக்கும் என்று எண்ணிவிடவும் கூடாது. ஃப்ளூ என்றால் நான்கு நாளுக்குள் அறிகுறி தெரியும், குழந்தைகள்தான் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள், ஓசெல்டமிவிர் போன்ற மருந்து 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். ஆகவே அதில் காத்திருந்து பார்ப்பது நஷ்டம். குரங்கம்மை போன்றதென்றால் காற்றைவிடத் துணியும் படுக்கையும் தொடுதலும் முக்கியமாகிவிடும். விசிறியின் திசை மாறலாம், நாட்கணக்கு மாறலாம். முதல் ஆள், இரண்டாவது ஆள் என்ற பட்டியல் மாறாது.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். இந்த விவரங்களுக்குரிய வெற்றுக் கட்டங்களோடு ஒரு முழுப் பக்கத்தை அச்சிட்டுத் தாருங்கள்: முதல் அறிகுறித் தேதி, மூன்று வேளை அளவு, மருந்து நேரம், பார்த்துக்கொள்பவர், அவருக்கு மாற்று, மருத்துவரிடம் பேசுபவர், அவருக்கு மாற்று, குழந்தைகளை ஏற்பவர். எழுத்து முதியவர்கள் கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவில் இருக்கட்டும். பின்பக்கத்தில் விளம்பரம் வேண்டாம், இரண்டாவது வாரத்துக்கான கட்டங்கள் அங்கே தேவைப்படும்.

இங்ஙனம்,
வீட்டு நோயாளிப் பராமரிப்பில் பயிற்சி தரும் செவிலியர்களும் சமூகப் பணியாளர்களும்